கோட்டை வாசலில் நிற்பது எந்த வாசல்?

கேள்வி: குடும்பத்தோடு கோணேசர் கோயிலுக்கு வந்திருந்தோம். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் நுழையும்போது, எங்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் ஐயா, "இதுதான் பழைய கோயிலின் கோபுர வாசல். பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், இடித்தபோது இது மட்டும் தப்பியது" என்றார். உள்ளே சந்தித்த வழிகாட்டி ஒருவர், "இல்லை, இது முழுக்கப் போர்த்துக்கேயர் கட்டியது" என்றார். எது சரி? இடிக்கப்பட்ட வாசல் எங்கே இருந்தது? அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது?

பதில்:

தம்பி, இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் கடந்து சென்ற வாசல் பழைய கோயிலின் வாசல் அல்ல. போர்த்துக்கேயர் கட்டியது அப்படியே நிற்கிறது என்பதும் சரியல்ல. முதல் கோட்டையை எழுப்பியவர்கள் போர்த்துக்கேயர்தான். அதன் பின் ஒல்லாந்தர் பெரிதாகத் திருத்திக் கட்டினார்கள், ஆங்கிலேயர் தங்கள் பங்குக்கு வேலை செய்தார்கள். இன்று சுரங்கம் போல நீண்டு, உள்ளே போனதும் உடம்பைக் குளிர வைக்கும் அந்த வளைவு வாசலின் உச்சியில் ஆங்கிலேய அரச இலச்சினை இருக்கிறது. கட்டடத்தின் வடிவம் ஐரோப்பியருடையது. கல் யாருடையது என்று கேட்டால் பதில் வேறு. உள்ளே நுழைகையில் வலக்கைப் பக்கம் நிற்கும் நிலைக்கல்லில் தமிழ் எழுத்து இருக்கிறது, மீன் உருவங்கள் இருக்கின்றன. அந்தக் கல்லைப் பொறுத்தவரை ஓட்டோக்கார ஐயா சொன்னதே சரி. அது கோயிலிலிருந்து வந்த கல்.

திருகோணமலையில் பல ஆண்டுகள் வரலாறு படிப்பித்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளை அழைத்துப்போய் அந்தக் கல்லின் முன் நிறுத்தியிருக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கோயில் நிற்கும் கோணமாமலை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனை. தெற்கே டச்பே, வடக்கே இன்னொரு குடா, கிழக்கே திறந்த கடல். ஊரிலிருந்து மலைக்குப் போகத் தரைவழி ஒன்றுதான். இரண்டு குடாக்களுக்கும் நடுவே கழுத்துப் போலக் குறுகும் நிலம் அது. கோட்டை மதிலும் வாசலும் அந்தக் கழுத்தின் குறுக்கேதான் நிற்கின்றன. கோயில் கட்டியவனும் கோட்டை கட்டியவனும் அந்த இடத்தைக் கண்டதும் ஒன்றையே நினைத்திருப்பார்கள்: உள்ளே வருகிறவர் எவரும் இதைக் கடந்துதான் வரவேண்டும்.

பழைய காலத்தில் மலையில் ஒரு கோயில் மட்டும் இருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய குவேறோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார் மூன்று கோயில்களைச் சொல்கிறார். மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒன்று, ஏற்றத்தின் நடுவில் ஒன்று, எல்லாவற்றிலும் பெரியது உச்சியில். இந்தியா முழுவதிலுமிருந்து அடியார் கூட்டம் வந்ததாக அவரே எழுதுகிறார். இடிப்புக்குச் சில ஆண்டுகள் முன், 1613இல், பாறாதாஸ் என்ற இன்னொரு பாதிரியார் அந்தக் கோயிலைப் பற்றி எழுதினார். கருங்கல்லால் வியக்கத்தக்க திறமையோடு எழுப்பப்பட்ட உயரமான கட்டடம், கடலுக்குள் நீளும் பாறையின் மேல் பெரும் இடத்தைப் பிடித்து நின்றது என்பது அவர் தரும் சித்திரம். கிழக்குலகப் புறச்சமயத்தாரின் ரோமாபுரி என்றும் யேசுசபைக் குருமார் இந்த இடத்தைக் குறிப்பிட்டார்கள். அழித்தவர்களின் பக்கத்திலிருந்து வந்த சாட்சிகள் இவை. நம்மவர் பெருமைக்காகக் கூட்டிச் சொன்னது என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ஆகவே, "இடிக்கப்பட்ட வாசல் எங்கே இருந்தது?" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது. ஊர்ப்பக்கமிருந்து போகிறவர் முதலில் காணும் கோயில் மலையடியில், ஏற்றம் தொடங்கும் இடத்தில் இருந்தது. இன்றைய கோட்டை வாசலைத் தாண்டியதும் தரை மெல்ல மேலெழுவதைக் கால் உணருமே, அந்தப் பகுதி. உச்சிக் கோயிலின் வாசல் அதைவிட மிகவும் உள்ளே, கடலை ஒட்டியது. உங்கள் ஓட்டோ நின்ற இடம் எந்தக் கோபுரத்தின் அடியும் அல்ல. எல்லாக் கோபுரங்களுக்கும் போன வழியின் தொடக்கம் அது.

அந்த வழியின் பின்னால் எவ்வளவு பெரிய நிறுவனம் இருந்தது என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத்துக் கல்வெட்டு, திருக்கோணமலையில் எழுந்தருளிய மச்சகேஸ்வரமுடைய மகாதேவருக்கு 250 வேலி நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர். ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேல் வருகிறது. ஒரு தெய்வத்தின் நித்திய பூசைக்கு அவ்வளவு நிலம் என்றால், அதை உழுதவர், நெல் அளந்தவர், பூக் கட்டியவர், விளக்கேற்றியவர் என்று ஓர் ஊரே அதன் நிழலில் வாழ்ந்திருக்கிறது. 1223ஆம் ஆண்டுக்குரிய வடமொழிக் கல்வெட்டு ஒன்றும் திருகோணமலையில் கிடைத்தது. கிரந்த எழுத்தில் அமைந்த அது சோடகங்க தேவன் என்பவனின் வருகையைச் சொல்கிறது. ஊர் மரபு போற்றும் குளக்கோட்டன் இவனே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. குளமும் கோட்டமும் அமைத்ததால் குளக்கோட்டன் என்று நாங்கள் சிறுவயதில் படித்தோம். கந்தளாய்க் குளத்தையும் மரபு அவன் பெயரோடு சேர்த்தே சொல்லும்.

இனி இடிப்புக்கு வருவோம். ஏன் அந்த நேரத்தில்? மதவெறி ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. அதோடு அரசியல் கணக்கும் இருந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போய்விட்டது. மறு ஆண்டு, 1620இல், டென்மார்க் நாட்டுக் கப்பல்கள் கண்டி மன்னனோடு உறவு தேடித் திருகோணமலைக்கு வந்துசேர்ந்தன. அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஆனால் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று காவலின்றித் திறந்து கிடக்கிறது என்பது கொழும்பிலிருந்த போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் டி சாவுக்கு உறைத்தது. இன்னொரு ஐரோப்பிய நாடு கண்டியோடு கைகோத்துவிட்டால் கிழக்குக் கரை போய்விடும். கோட்டை வேண்டும், அதுவும் உடனே வேண்டும். கோட்டைக்குக் கல் வேண்டும். செதுக்கி அடுக்கிய கல் அந்த மலையிலேயே ஆயிரம் ஆண்டுகளாக நின்றது.

ஆண்டைச் சிலர் 1622 என்றும் சிலர் 1624 என்றும் எழுதுகிறார்கள். இடிப்பும் கோட்டை வேலையும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நடந்தவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் மரபு நாளையும் வைத்திருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு நாள். சுவாமி தேரில் ஊருக்குள் உலா வந்த வேளை, மலையில் ஆள் குறைவாக இருந்தபோது, பிராமணர் வேடமிட்ட சிப்பாய்கள் கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்பது பரம்பரையாக வரும் கதை. என் பாட்டி இதைச் சொல்லும்போது "சாமி திரும்பி வந்தபோது வீடு இல்லை" என்பார். அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

இடித்த கற்களில் ஒரு பகுதி கோட்டை ஆயிற்று, ஒரு பகுதி பாறையிலிருந்து கடலுக்குள் போயிற்று. சில விக்கிரகங்களை அடியார்கள் மண்ணில் புதைத்தார்கள், சிலவற்றை உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தம்பலகாமத்து ஆதி கோணேஸ்வரம் அப்படி எழுந்ததுதான். டி சா 1630இல் ஊவாவில் கண்டிப் படையிடம் தோற்று உயிரிழந்தான். அவன் கட்டிய கோட்டையை 1639இல் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் கூட்டோடு பிடித்தார்கள். கோயிலை உடைத்துக் கட்டிய கோட்டை, கட்டியவர் கையில் இருந்தது பதினைந்து ஆண்டு, கூட்டிக் கணக்கிட்டால் பதினேழு ஆண்டு.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாடநூலில் இருப்பவைதான். ஒல்லாந்தர் சிலகாலம் விட்டுப்போய், 1665இல் திரும்பி வந்து கோட்டையைப் புதுப்பித்தார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் வந்து நிற்க முயன்று தோற்றார்கள். 1782 இந்த ஊருக்கு விசித்திரமான ஆண்டு. ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், ஓகஸ்ட்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டார், பிறகு உடன்படிக்கையின்படி ஒல்லாந்தருக்கே திரும்பப் போயிற்று. 1795இல் ஆங்கிலேயர் மறுபடி வந்தார்கள், இந்த முறை தங்கிவிட்டார்கள். 1803இல் தங்கள் மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் மகன் பிரட்றிக் பெயரைக் கோட்டைக்குச் சூட்டினார்கள். அந்தப் பிரட்றிக் இந்த ஊரில் ஒருநாளும் கால் வைத்தவர் அல்லர்.

இப்போது கல்லுக்கு வருவோம். எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் அதைப் பற்றித்தான்.

நடுப்பகலில் போனால் அதில் ஒன்றும் தெரியாது. மாலையில், வெயில் சாய்ந்து விழும் நேரம் போங்கள். எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும்போதுதான் அது வாசிக்கத் தரும். வரி ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு எழுத்துகளே பிடிபடும். பல வரிகளில் இரு ஓரத்து எழுத்துகளும் போய்விட்டன. முதல் வரியில் "மு" சிதைந்து "ன்னே குள" என்று நிற்கிறது. அடுத்து "கோட". அதன் கீழ் "மூட்டு". இன்னும் கீழே "பறங்". விடுபட்ட எழுத்துகளை அறிஞர்கள் நிரப்பிப் படித்தபோது இப்படி வந்தது:

முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப்
பின்னே பறங்கி பிரிக்கவே

குளக்கோட்டன் முன்பு எழுப்பிய திருப்பணியைப் பறங்கி பின்பு பிரிப்பான், அதன் பிறகு வரும் அரசர்கள் அதை மீண்டும் செய்ய எண்ணமாட்டார்கள் என்பது முழுப் பாட்டின் கருத்து. ஊரில் வாய்மொழியாக வழங்கும் வடிவத்தில் இன்னும் இரண்டடி சேரும். பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று மூவர் ஆண்ட பிறகு நாடு வடுகாய்விடும், அதாவது வடுகர் வசமாகிவிடும், என்று அது முடியும். மூன்று கண்களுக்கும் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று பொருள் சொல்வார்கள். அந்த இரண்டடியை வைத்து இன்றைய அரசியலுக்குக் குறி சொல்வோரை நிறையக் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கல்லில் நிற்கும் எழுத்துகளே நமக்குப் போதும்.

மூல வரியில் இரண்டு சொற்களைப் பாருங்கள். "மூட்டு", "பிரிக்க". பாடியவன் "கட்டிய", "இடிக்க" என்று எழுதவில்லை. மூட்டுதல் என்றால் துண்டு துண்டாக இருப்பதைச் சேர்த்து இணைப்பது. சாக்கின் வாயை மூட்டுகிறோம், ஓலையை மூட்டுகிறோம். பிரிப்பது அதன் எதிர்வினை. கூரை மேய்கிறவர்கள் "பிரித்து மேய்தல்" என்று சொல்வார்கள் அல்லவா, அந்தப் பிரிப்பு. பழைய ஓலையை ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து இறக்குவது. கோட்டைக்குக் கல் எடுக்க வந்தவர்கள் செய்ததும் அதைத்தான். வெடித்துத் தூளாக்கிய கல் மதிலுக்கு உதவாது. தூணைத் தூணாக, நிலையை நிலையாகக் கழற்றி எடுக்க வேண்டும். அந்த வேலையைக் கண்ணால் கண்ட ஒருவனோ, வேறோரிடத்தில் நடந்ததைக் கேட்ட ஒருவனோதான் இந்தச் சொல்லைப் போட்டிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றும்.

இது உண்மையில் வருவதுரைத்த வாக்கா, நடந்த பின் யாரோ வெட்டிவைத்ததா? பிள்ளைகள் எல்லாரும் கேட்கும் கேள்வி. டி சாவே, இந்த மலையில் பொறித்திருந்த வாக்கொன்றின் படியையும் மொழிபெயர்ப்பையும் போர்த்துக்கலுக்கு அனுப்பினான். அது லிஸ்பனில் அஜூதா நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் இடித்தவர்களின் காலத்திலேயே இப்படி ஒரு வாக்கு இங்கே வழங்கியிருக்கிறது. பறங்கி என்ற பெயரே கல்லில் இருப்பதால், பறங்கி இந்நாட்டுக்கு வந்த பிறகுதான் அது வெட்டப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து நான் சொல்வது இது: முன்கூட்டியே சொல்ல மந்திரம் தேவைப்படவில்லை. 1578இல் மேற்குக் கரையில் முன்னேஸ்வரம் கோயில் போயிற்று. 1588இல் தெற்கு முனையில் தேவந்துறைக் கோயில் போயிற்று. யாழ்ப்பாணம் விழுந்ததும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் போயிற்று. கரையோரமாக ஒவ்வொரு கோயிலாக விழும் செய்தி தோணிகளில் இந்தத் துறைக்கு வந்துகொண்டே இருந்திருக்கும். கோணமாமலையில் விளக்கேற்றிய ஒருவன் கடலைப் பார்த்தபடி, அடுத்தது நாம்தான் என்று நினைத்திருக்க மாட்டானா? அதைப் பாட்டாக்கி வைத்திருக்க மாட்டானா? வாக்கின் வடிவில் வந்த ஒப்பாரியாகத்தான் அதை நான் படிக்கிறேன். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு வகுப்பை அழைத்துப்போயிருந்தேன். எழுத்துக்கூட்டி வாசிக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டிருந்தேன். பாலையூற்றிலிருந்து வரும் ஒரு சிறுமி, ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் வீட்டுப் பிள்ளை, முன்னால் நின்றாள். ஒவ்வோர் எழுத்தாகத் தொடாமல் விரலை மட்டும் காற்றில் நகர்த்திக்கொண்டு வந்தவள் "ப... ற... ங்..." என்று வந்ததும் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்து மெல்லிய குரலில், "சேர், இது எங்களையா?" என்றாள். வகுப்பில் சத்தம் நின்றுவிட்டது. எனக்கு உடனே பதில் வரவில்லை. அவளுடைய பாட்டன் இந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு நிலை செய்த தச்சர். எங்கள் வீட்டுக் கதவையும் அவர்தான் செய்தார். "இல்லை மகள், இது கோட்டை கட்ட வந்த சிப்பாய்களைச் சொல்கிறது. உங்கள் தாத்தா எங்கள் ஊரில் வாசல் செய்து தந்தவர்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மிச்ச எழுத்துகளையும் வாசித்து முடித்தாள். அன்றிலிருந்து, அந்தச் சொல்லுக்கு வந்ததும் முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன். பறங்கி என்ற பெயரோடு இன்று நம்மிடையே வாழ்கிறவர்களுக்கும் 1620களின் படைக்கும் நடுவே நானூறு ஆண்டு வாழ்க்கை கிடக்கிறது.

மீன்களைப் பற்றிக் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஏனென்றால் அடுத்த முறை அதையும் பார்ப்பீர்கள். பொதுவாக அவை பாண்டியரின் இணைக்கயல் என்று சொல்லப்படுகிறது. அதற்கு வலுவான ஆதாரம் புதுக்கோட்டைப் பக்கத்துக் குடுமியான்மலையில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஈழத்தின் மீது படையெடுத்த சடையவர்மன் வீரபாண்டியன், கோணமலையிலும் திரிகூடகிரியிலும் தன் இரு கயல் இலச்சினையைப் பொறித்ததாக அங்கே கல்வெட்டு கூறுகிறது. கடலுக்கு அப்பால் ஒரு மலையில் எழுதியதும் இங்கே நிலைக்கல்லில் இருப்பதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நிலாவெளிக் கல்வெட்டில் இறைவன் பெயர் மச்சகேஸ்வரம் என்று வந்ததை மேலே சொன்னேனே. மச்சம் என்றால் மீன். பாண்டியன் வருவதற்கு முன்பே இந்த மலைக்கும் மீனுக்கும் பெயரளவில் உறவு இருந்திருக்கிறது. அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

வாசலில் நிற்பது ஒரு கல்தான். மற்றக் கற்கள்? உச்சிக்குப் போகும் வழியில் பிரான்சினா வான் றீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரோடு ஒரு தூண் இருக்கிறது. காதலன் கைவிட்டதால் பாறையிலிருந்து குதித்தாள் என்று சுற்றுலாக்காரர்களுக்குக் கதை சொல்வார்கள். அவள் பின்னாளில் வேறு மணம் செய்து வாழ்ந்ததாக ஆவணம் இருக்கிறது. கதையை விடுங்கள், தூணைப் பாருங்கள். 1687 என்று ஆண்டு பொறித்திருக்கும் அந்தத் தூண் கோயில் தூண். ஒல்லாந்தர் அதில் தங்கள் எழுத்தை வெட்டினார்கள். கோட்டை மதிலின் அடுக்குகளிலும், பழக்கப்பட்ட கண்ணுக்கு, செதுக்கு வேலைப்பாடு உள்ள கல் தட்டுப்படும்.

கடலுக்குள் போனவை நெடுங்காலம் கண்ணில் படவில்லை. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடியில் முக்குளித்தபோது கீழே தூண்களும் செதுக்கிய கற்களும் கிடந்ததைக் கண்டார்கள். வில்சன் எடுத்துக்கொடுத்த லிங்கம் இன்று கோயிலில் இருக்கிறது. மண்ணுக்குள் போனவை அதற்குச் சற்று முன்பே வெளிவந்துவிட்டன. 1950இல் ஊருக்குள் கிணறு வெட்டியபோது சோமாஸ்கந்தர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் கிடைத்தன. முந்நூறு ஆண்டுக்கு மேல் மண்ணுக்கடியில் இருந்த திருமேனிகள் அவை. புதைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் அதை எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறார் என்பது கிடைத்த நிலையிலேயே தெரிந்தது. புதுக்கோயில் எழுந்து 1963 மார்ச் 3ஆம் திகதி கும்பாபிஷேகம் நடந்தது. பின்னரசர்கள் எண்ணமாட்டார்கள் என்று கல் சொன்னது சரிதான். அரசர் யாரும் எண்ணவில்லை. ஊர் மக்கள்தான் காசு சேர்த்துக் கட்டினார்கள்.

இடையில் கிடந்த மூன்று நூற்றாண்டுகளையும் வெறுமையாக நினைத்துவிடாதீர்கள். கோயில் இல்லாத பாறைக்கே பூசை நடந்தது. ஆங்கிலேயர் காலத்தில் வந்த வெள்ளைக்காரர் பலர் அதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். ஐயர் பாறை விளிம்பில் நின்று தேங்காய் உடைத்துப் பூவையும் வெற்றிலையையும் கடலில் இடுவார், மக்கள் பின்னால் நின்று கும்பிடுவார்கள். அப்படிப் போனவர்கள் ஒவ்வொருவரும் இந்தக் கோட்டை வாசலைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். அந்நியச் சிப்பாயின் கண் முன்னால், தங்கள் கோயிலின் நிலைக்கல்லைத் தாண்டி, கையில் தேங்காயோடு. அவர்களில் எத்தனை பேர் அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களாக இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்ப்பேன்.

அடுத்த முறை வரும்போது இரண்டு விடயங்கள். கல்லில் சுண்ணக்கட்டி பூசி எழுத்தை எடுப்பாக்கிப் படம் பிடிக்கிறார்கள், சிலர் எண்ணெய் தடவிக் கும்பிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். உப்புக்காற்றே அதற்குப் போதிய கேடு செய்துகொண்டிருக்கிறது. சிறிய கைவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்து பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தானாக எழும்பும். இரண்டாவது, ஓட்டோவை வாசலுக்கு வெளியே நிறுத்தி இறங்கி நடந்து உள்ளே போங்கள். கோட்டையில் இராணுவம் இருக்கிறது. காவலில் நிற்பவரிடம் கல்லைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். வாகனத்தில் போனால் அந்த வளைவு பத்து விநாடியில் கடந்துவிடும், கல் பக்கவாட்டில் ஓடிவிடும்.

முடிந்தால் சிவராத்திரியை ஒட்டி வாருங்கள். அந்த நாட்களில் கோணேசப் பெருமான் நகர்வலம் வருவார். மலையிலிருந்து இறங்கி, ஆங்கிலேயரின் இலச்சினைக்குக் கீழே, அந்த வளைவுக்குள்ளால் ஊருக்கு வருவார். மேளமும் சங்கும் வளைவுக்குள் புகுந்ததும் ஒலி இரட்டிப்பாகி நெஞ்சில் மோதும். மதிலோரம் படுத்திருக்கும் புள்ளிமான்கள் எழுந்து நின்று பார்க்கும். நான் எப்போதும் அந்த நிலைக்கல்லின் பக்கமாக நிற்பேன். எங்கள் வீதியில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். சுவாமி வெளியே போவதைப் பார்க்க வரமாட்டார். உலா முடிந்து திரும்பும் நேரத்துக்குத்தான் கற்பூரத் தட்டோடு வருவார். சுவாமி வளைவைக் கடந்து மலைப்பக்கம் ஏறி, மேளச்சத்தம் தேய்ந்து மறையும்வரை நிற்பார். பிறகு, "போய்ச் சேர்ந்துவிட்டார்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடப்பார்.